சின்னரியின் வங்கச் சிற்றூர் ஓவியங்கள்: கருவும் உரியும்

புனைவியல் இயக்கம் கவிதையில் மட்டுமன்றி நிலக்காட்சி ஓவியத்திலும் நாட்டுப்புற வாழ்வைப் பொருளாக்கியது. அதன் சாயலை இந்தியக் காட்சிகளில் பதித்தவர்களுள் ஜார்ஜ் சின்னரி (1774-1852) குறிப்பிடத்தக்கவர். இலண்டனில் பிறந்த இவர் 1802இல் சென்னைக்கு வந்தார். 1807இல் வங்கம் சென்று டாக்காவிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்தார். கடன் தொல்லையால் 1825இல் மக்காவுக்குப் பெயர்ந்தார். உருவப்படம் வரைதல் இவருக்குப் பிழைப்பு. நிலக்காட்சி வரைதல் விருப்பம்.

இவருக்கு முன்வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோர் கோயில், கோட்டை, அருவி எனப் பெருங்காட்சிகளைத் தேடிச் சென்று வரைந்தனர். சின்னரியோ வளைந்த கூரை வேய்ந்த குடிலையும், அதன் அருகே படுத்துக் கிடக்கும் மாடுகளையும், குடம் சுமந்த பெண்களையும் நாடினார். நேரில் கண்டு தீட்டிய கோட்டோவியங்களின் ஓரங்களில் சுருக்கெழுத்தில் குறிப்புகளும் எழுதிவைத்தார். ஆகவே, இவற்றை வெறுங் கற்பனை என ஒதுக்கிவிட இயலாது.

எனினும், அம்மாடுகள் அங்கு எதற்காக உள்ளன என்னும் வினா எழுகின்றது. காட்சியழகுக் கோட்பாட்டை வகுத்த வில்லியம் கில்பின் (1724-1804), இரண்டு பசுக்கள் இணைந்து அமைவது அரிது என்றும் மூன்று பசுக்களே நல்ல தொகுதியாகும் என்றும் கருதினார். இக்கோட்பாட்டில் மாடு செல்வமும் அன்று, உழைப்பும் அன்று. படத்தின் முன்பகுதியை நிரப்பும் வடிவம் மட்டுமே.

தமிழ் மரபில் ஆநிரை முல்லையின் கருப்பொருள். மாலையில் கன்றை நினைந்து ஊர் திரும்பும் ஆநிரையின் மணியோசை, இருத்தலாகிய உரிப்பொருளைக் கூர்மையாக்கும். சின்னரியின் ஓவியங்களில் முதலும் கருவும் உள்ளன, உரி இல்லை. மாந்தர் இடம்பெறினும் அவர்தம் காத்திருப்போ கவலையோ காட்சிக்குள் நுழைவதில்லை. 1793இல் நடைமுறைக்கு வந்த நிலையான நிலவரித் திட்டம் வங்க உழவரை ஜமீன்தார்களின் பிடியில் நிறுத்தியிருந்த காலம் அது. அவ்வூர்களின் அமைதியில் அதன் சுவடே தென்படவில்லை.

முல்லைப் பாடல்களும் ஆயரின் உழைப்பை முழுமையாக உரைப்பன அல்ல எனலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் அங்கு நிலம் அந்நிலத்து மாந்தரின் உள்ளத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. இங்கு நோக்குபவரின் கண்ணோடு மட்டுமே பிணைக்கப்பட்டுள்ளது.

எனவே, கூரையின் வளைவுக்கும் மாட்டின் திமிலுக்கும் இவ்வோவியங்களைச் சான்றாகக் கொள்ளலாம். அக்குடிலில் வாழ்ந்தோரின் நிலைக்கு வேறு சான்றுகளையே நாடவேண்டும்.