‘அரிது’ என்னும் சொல்: ஒரு மொழிபெயர்ப்பு ஆய்வு

எபிரெயம் பயிலும் இறையியல் மாணவர் ஆங்கில வேதாகம வாசகங்களை எபிரெயத்தில் பெயர்த்துப் பழகுவதுண்டு. அப்பயிற்சியில் ‘ஸ்கேர்ஸ்லி’, ‘ஹார்ட்லி எனி’ முதலிய சொற்கள் வந்தால் எழுதுகோல் நின்றுவிடுகிறது. ஏறக்குறைய இல்லை; ஆயினும் முற்றிலும் இல்லாமற்போகவில்லை. இந்நிலையை எவ்விடத்தும் ஒருபடியாய் உணர்த்தும் தனிச்சொல் வேத எபிரெயத்தில் இல்லை.

அம்மொழி இக்கருத்தைப் பல வகையாக உரைக்கும். எஞ்சியதைச் சுட்டுவது ஒரு வகை: ஏசாயா 1:9இல் மீந்தோரைக் குறிக்கையில் வரும் ‘கிம்அத்’ ‘சிறிதளவே’ எனப் பொருள்படும். முழுதும் மறுத்து ஒன்றை மட்டும் விலக்குவது மற்றொரு வகை: 2 இராஜாக்கள் 4:2இல் கடன்பட்ட விதவை, வீட்டில் ஒன்றுமில்லை என்று கூறி, சிறிது எண்ணெயை மட்டும் விலக்குகிறாள், அவ்விலக்கினின்றே அற்புதம் தொடங்குகிறது. இன்மையோடு ஒப்பிடுவது பிறிதொரு வகை: சங்கீதம் 73:2இல் வரும் ‘கெஅயின்’ என்பதன் நேர்ப்பொருள் ‘ஒன்றுமில்லாததுபோல’ என்பதாம். சறுக்குதற்கு இடைவெளி அவ்வளவே இருந்ததென்பது கருத்து.

இனி, 1 பேதுரு 4:18ஐ நோக்குவோம். அப்போஸ்தலன் அங்கே நீதிமொழிகள் 11:31ஐ எடுத்தாளுகிறார். எபிரெய மூலமோ, நீதிமான் பூமியிலே பலனடைகிறான் என்றே கூறுகிறது. ‘ஸ்கேர்ஸ்லி’ என்பதற்கு இணையான சொல் அதில் இல்லை. கிரேக்க செப்துவஜிந்து அதனைப் பெயர்க்கையில் ‘மோலிஸ்’ என்ற சொல்லை அமைத்தது. பேதுருவும் அதையே வழங்கினார். ஆதலின் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு எபிரெயத்திற்குத் திரும்புகிறவன் மூலத்தில் இல்லாத ஒன்றைத் தேடுகிறவனாகிறான்.

‘மோலிஸ்’ என்பதற்கு ‘வருந்தி, பாடுபட்டு’ என்பது பொருள். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் ‘அரிது’ என்று வழங்கிற்று. அருமை என்பதற்கு வருத்தம் என்னும் பொருளும் உண்மையால் இது தக்க சொல்லே. ஆயினும் இச்சொல்லில் ஓர் இடர் உண்டு. ஏழாம் குறளின் உரையில் பரிமேலழகர், அருமை ஈண்டு இன்மைப் பொருளில் நின்றது என்று விளக்குகிறார். கம்பர் அடங்கிய இடமென மரபு போற்றும் நாட்டரசன்கோட்டையில், பங்குனி அத்தத்தன்று கூடும் தமிழன்பர் இவ்வழக்கை நன்கறிவர். அத்தகையோர் நமது பிரசங்கத்தைக் கேட்பின், நீதிமானுக்கும் இரட்சிப்பு இல்லை என்று பொருள்கொள்ளக் கூடும். சொல்நயம் அறியாத எளிய விசுவாசியோ, இரட்சிக்கப்படுவோர் மிகச் சிலரென எண்ணி, அச்சிலருள் தான் இல்லையென்று அஞ்சக் கூடும்.

இவ்விரண்டும் பேதுருவின் கருத்தல்ல. நான்காம் அதிகாரம் 12ஆம் வசனமுதல் அவர் பேசுவது பாடுகளைக் குறித்தே. வழியின் கடினத்தைச் சொல்கிறாரேயன்றி, போய்ச் சேருவோரின் தொகையையோ, சேருவதன் ஐயப்பாட்டையோ சொல்லவில்லை. பத்தொன்பதாம் வசனத்தில், பாடநுபவிக்கிறவர்கள் தங்கள் ஆத்துமாக்களை உண்மையுள்ள சிருஷ்டிகரிடம் ஒப்புவிக்கும்படி சொல்லி முடிக்கிறார். போகவியலாத வழியாயின் இவ்வொப்புவித்தலுக்குப் பொருளே இராது.

எனவே ‘அரிது’ என்பதை நீக்க வேண்டுவதில்லை. ‘பாடுகளினூடே’ என்று விரித்துரைத்தல் போதகரின் கடமை. குறைவையும் இன்மையையும் வேறுபடுத்தாத மொழிபெயர்ப்பு, விதவையின் எண்ணெயைக் காணத் தவறும். திருச்சபையில் நம்பிக்கை குன்றி நிற்போருக்கு அந்தச் சிறிதளவே சுவிசேஷமாயிருக்கிறது.