மந்திரக்கோல் யார் கையில்?

மாயக்கதை என்றால் பொழுதுபோக்கு, வேலையில்லாதவன் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பட்ட பாட்டைச் சொல்லவே பக்கம் போதவில்லை, இதில் பறக்கிற குதிரை எதுக்குன்னு கேட்கிறார்கள். கேள்வியில் ஞாயம் உண்டு. ஆனால் நாம் ஒதுக்கினாலும் பிள்ளைகள் ஒதுக்குவதில்லை. புத்தகமாக, சினிமாவாக, டிவியாக அது சேரிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுக்க மட்டும் யாருமில்லை.

மாயக்கதை சாதி தீண்டாத வெளி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நமக்குச் சொல்லப்பட்ட புராணங்களும் மாயக்கதைகள்தானே? தவம் செய்த சம்பூகனுக்குத் தலை போனது. வில் கற்ற ஏகலைவனுக்குக் கட்டைவிரல் போனது. நந்தன் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போகமுடிந்தது. வித்தை யாருக்குப் பலிக்கும், யாருக்கு ஆகாது என்பதைப் பிறப்பு முடிவு செய்கிற கதைகள் இவை. ஆகவே எந்த மாயக்கதையைப் பிள்ளை கையில் கொடுத்தாலும் நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: இங்கே மந்திரக்கோல் யார் கையில் இருக்கிறது?

ஜே.கே.ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்களை எடுத்துக்கொள்வோம். 1997 தொடங்கி 2007க்குள் ஏழு நாவல்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் இந்த வகை எழுத்தின் வாசல். கதையின் மையமே ரத்தச் சுத்தம்தான். ஹெர்மியோனி என்ற பெண்ணின் அப்பா அம்மா மந்திரம் தெரியாதவர்கள், பல் டாக்டர்கள். அவள்தான் வகுப்பில் முதல். அவளைப் பார்த்து ஒரு பரம்பரைப் பணக்காரப் பையன் 'சேற்று ரத்தம்' என்கிறான். 1998இல் வந்த இரண்டாம் நாவலில் இது வருகிறது. அந்த வசவு எங்கே குத்தும் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஏழாம் நாவலில் இவளைப் போன்றவர்களைக் கணக்கெடுக்க அரசே ஒரு கமிஷன் போடுகிறது. 'இவங்க மந்திரத்தைத் திருடினவங்க' என்று குற்றம் சாட்டி மந்திரக்கோலைப் பிடுங்குகிறார்கள். நம் சீட்டைப் பறிச்சிட்டான், தகுதியில்லாம வந்துட்டான் என்று கல்லூரி வாசலில் கேட்ட பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்த அளவுக்கு அது நல்ல பிரதிதான்.

ஆனால் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்க்கவேண்டும். அந்த மந்திரப் பள்ளியில் தினமும் விருந்து தானாக மேசைக்கு வருகிறது. ஆக்கிப் போடுகிறவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட எல்ஃபுகள். குள்ள உருவம், பெரிய காது, தலைமுறை தலைமுறையாக அடிமை. கூலி கிடையாது. மனிதரல்லாத எவரும் மந்திரக்கோல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். உடுப்பு கிடையாது, தலையணை உறையைச் சுற்றிக்கொள்ளவேண்டும். எஜமான் துணி கொடுத்துவிட்டால் அடிமைத்தனம் முடிந்தது. டாபி என்ற எல்ஃப் ஒரு காலுறையால் விடுதலை ஆகிறான்.

துணியில் என்ன அரசியல் என்று நமக்குத் தெரியும். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, செருப்பு கூடாது, குடை கூடாது. ரௌலிங் இதை அறிந்து எழுதினாரா என்பதல்ல விஷயம். அந்தக் காலுறையை நம் பிள்ளை வேறு மாதிரி வாசிக்கும்.

இந்த அடிமைத்தனத்தைப் பிரதி என்ன செய்கிறது? 2000இல் வந்த நான்காம் நாவலில் ஹெர்மியோனி எல்ஃபுகளுக்காக ஒரு சங்கம் தொடங்குகிறாள். கூட்டாளிகளுக்கு அது கேலிப் பொருள். எல்ஃபுகளோ 'எங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு' என்கிறார்கள். ஊழியம் செய்வது அவர்கள் சுபாவம் என்று கதை அடித்துச் சொல்கிறது. பிறவிக் குணம் என்று சொல்லித்தானே நம்மையும் சாணி அள்ள வைத்தார்கள்? ஹெர்மியோனியின் வழியும் கோளாறுதான். எல்ஃபுகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தொப்பி பின்னி ஒளித்துவைத்து அவர்களுக்கே தெரியாமல் விடுதலை தரப் பார்க்கிறாள். 1932இல் தொடங்கிய ஹரிஜன சேவா சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லாமல் போனதைப் பாபாசாகேப் அம்பேத்கர் கேள்வி கேட்டாரே, அந்தக் கேள்வி இங்கேயும் பொருந்தும்.

கடைசி நாவலில் எல்ஃபுகள் காய் நறுக்கும் கத்தியோடு போர்க்களத்துக்கு வருகிறார்கள். ஜெயிக்கிறார்கள். போர் முடிந்து களைத்துப்போன ஹாரிக்குத் தோன்றுவது, வாரிசுச் சொத்தாக வந்த தன் எல்ஃப் ஒரு சாண்ட்விச் கொண்டுவருமா என்பது. சண்டை போட்டவன் திரும்ப அடுப்படிக்கே போகவேண்டும். டாபிக்குக் கையாலேயே குழி வெட்டி மரியாதை செய்த அதே ஹாரிதான் இப்படி நினைக்கிறான்.

எங்கள் இரவுப் பாடசாலையில் இந்தக் கதையைச் சொன்னபோது ஏழாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "அதுங்களுக்குத்தான் கோல் இல்லாமலே மந்திரம் தெரியுதே, பின்ன ஏன்ணா சோறாக்கிக்கிட்டுக் கிடக்குதுங்க?" இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை. புத்தகத்தைத் தூக்கி எறியவேண்டாம். இந்தக் கேள்வியோடு வாசிக்கச் சொல்லவேண்டும்.

கூடவே வேறொரு வாசலையும் திறந்துவிட வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. ஹாரி பாட்டருக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்பே மந்திரப் பள்ளிக்குப் போகும் பையனின் கதை. நாயகன் தாயில்லாத ஆடு மேய்க்கிற பையன், கன்னான் மகன். செம்பழுப்புத் தோல். அவனுடைய உயிர் நண்பன் கறுப்பு. அந்தத் தீவுலகில் பெரும்பாலோர் பழுப்பும் கறுப்பும்தான். வெள்ளைத் தோல்காரர்கள் கொள்ளையடிக்க வருகிறவர்கள். பல பதிப்புகளின் அட்டைப்படங்களில் இவனை வெள்ளையாக்கினார்கள். 2004இல் டிவி தொடராக எடுத்தபோதும் வெள்ளை நடிகரையே போட்டார்கள். லெ குவின் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார்.

இங்கே மந்திரம் என்பது ஒவ்வொன்றின் உண்மைப் பெயரை அறிவது. திறமை பிறவியில் வந்தாலும் பெயர்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து மனப்பாடம் செய்யவேண்டும். 1971இல் வந்த அடுத்த நாவலில் ஒரு சிறுமியின் பெயரைக் கோயில்காரர்கள் பறித்துவிடுகிறார்கள். பெயரைத் திரும்பப் பெறுவதுதான் அவள் விடுதலை. ஊரார் வைத்த இழிபெயர்களைச் சுமந்த சனங்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. லெ குவினிடமும் குறை உண்டு. அவருடைய மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் 1990இல் 'டெஹானு' நாவலில், தீயில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமியையும் வயதான ஒரு பெண்ணையும் நடுவில் வைத்துத் தன் உலகத்தைத் தானே கேள்விக்குள்ளாக்கினார். எழுதினவரே திருத்தி எழுதலாம் என்றால் நாம் ஏன் எழுதக்கூடாது?

தோழர்கள் இந்தக் கதைகளை மாலை வகுப்புகளுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆங்கிலம் தடையென்றால் வாயாலேயே சொல்லலாம், நம் பாட்டிமார் மதுரைவீரனையும் காத்தவராயனையும் அப்படித்தானே சொன்னார்கள். சொல்லி முடித்ததும் நோட்டையும் பேனாவையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். எல்ஃபுகள் சோறாக்க மறுத்த மறுநாள் காலையில் அந்தப் பள்ளியில் என்ன நடந்தது என்பதை அவர்கள் எழுதட்டும்.