பொறித்த எழுத்தும் புள்ளியும்

காஞ்சிமாநகரை அடுத்த ஐயம்பேட்டை பட்டு நெசவிற்குப் பெயர்பெற்ற ஊர். பட்டுச்சேலையின் சரிகைச் செறிவு கரைக்கும் முந்திக்கும் உரியது. உடல் முழுவதும் அச்செறிவைத் தாங்காது. நூலுக்கும் இம்முறை ஒக்கும். பழைய படநூல்களிலே, செப்புத்தகட்டுச் செதுக்கைப்போல உள்வரியும் நிழலும் கூட்டி வார்த்த அச்செழுத்துகளின் தகுதியை இதுகொண்டு அளக்கலாம்.

இலண்டனிலே ஜான் பைன் என்னும் செதுக்குநர், ஹொரேஸ் புலவரின் நூலைப் படமும் பாடலும் ஒருங்கே செப்பிற் பொறித்து, அதன் முதற்பாகத்தை 1733இல் வெளியிட்டார். எழுத்தும் ஓவியமும் ஒரு கருவியிற் பிறந்தமையின் தம்முள் ஒத்து நின்றன. அவ்வழகை ஈயத்தில் வார்க்கப் பிற்காலத்தார் முயன்றதன் விளைவே இவ்வகை அச்செழுத்து.

தமிழகத்திற்குப் பொறித்தல் புதிதன்று. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலே, இராசசிம்மன் விருதுப்பெயர்களுட் சில சுருளும் வளைவுமாக அணிசெய்த எழுத்தில் வெட்டப்பட்டுள. பெயர் பொறிக்கும் இடத்து அவ்வணி பொருந்தும். அவ்வரசனைச் சைவசித்தாந்த நெறியால் மலம் நீங்கியவனாகக் கூறும் வடமொழிச் சாசனமும் அங்கே உளது. எழுத்துப் படிக்க இயன்றமையாலன்றோ அச்சான்று சைவர்க்குக் கிட்டியது!

ஓலையிலே கீறினோர் ஏடு கிழியுமென்று அஞ்சிப் புள்ளியை விடுத்தனர். குறிலும் நெடிலும் வேறுபாடின்றி நின்றன. ‘பெறு’ என்பதும் ‘பேறு’ என்பதும் ஒரு வடிவாயின. ‘அவன்’ என்பது புள்ளி இழப்பின் ‘அவன’ என நின்று, இறைவனை உணர்த்தற்குரிய சொல் அவனுடைய பொருள்களை உணர்த்தும். உடையானும் உடைமையும் மயங்கும். அச்சு இம்மயக்கத்தை நீக்கிற்று. நிழற்கோடு மிகுந்த எழுத்தோ, புள்ளியையும் கொம்பின் சுழியையும் விழுங்கி, நீங்கிய மயக்கத்தை மீட்டும் கொணரும்.

அங்ஙனமாயின் அணி வேண்டாவோ எனின், அஃதன்று. முகப்பிற் பெரிதாய் நிற்கும் நூற்பெயர்க்கு, புள்ளி தனித்து விளங்குமாயின் அணி தகும். மூலத்திற்கும் உரைக்கும் தகாது. சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்துப் பி. ஆர். ஹண்ட் 1862இல் அச்சிட்ட வின்சுலோ அகராதியின் சிற்றெழுத்துகள் அணியின்றியே அழகுடையன. தெளிவே அவற்றின் அழகு. செதுக்குவோன் திறம் கீற்றின் மிகுதியில் இல்லை. ஒரு புள்ளியையும் இழவாமையில் உளது.