மணப்பாட்டில் அரை மணி, மடுவில் மூன்று இரவு

ஆழ்வார்திருநகரியிலிருந்து சனிக்கிழமை காலை வேன் பிடித்துக் கிளம்புகிறவர்கள் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஆதிநாதரையும் உறங்காப்புளியடி நம்மாழ்வாரையும் சேவித்துவிட்டு, திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டு, சாப்பாட்டை முடித்துக்கொண்டு தெற்கே மணப்பாடு. பொழுது இருந்தால் உவரி அந்தோணியார். ராத்திரிக்குள் வீடு. ஒரே வேனில் நெற்றியில் திருமண் இட்டவரும் கழுத்தில் சிலுவை போட்டவரும் இருப்பார்கள். மாதாவும் முருகனும் ஒரே நாளில் வந்துவிடுகிற இந்தக் கரைக்காக நான் பெருமைப்படுகிறேன். குறை ஒன்றுதான்: எங்கேயும் நாம் தங்குவதில்லை.

மணப்பாட்டையே பாருங்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய ஊர். கடலோர மணல்மேட்டின் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். சரிவில் அவர் ஜெபித்த குகை. உள்ளே ஒரு சின்னக் கிணறு. சில அடி தள்ளி உப்பு அலை அடிக்க, இதில் ஊறுவது நல்ல தண்ணீர். அதைக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, மேட்டில் நின்று செல்பி எடுத்துக்கொண்டு வேனுக்குத் திரும்ப அரை மணி நேரம் போதும். பெரும்பாலோர் அப்படித்தான் திரும்புகிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னார் மாவட்டத்து மடு மாதாவிடம் இப்படிப் போய்வர யாரும் நினைப்பதில்லை. மெதவாச்சி–மன்னார் வீதியிலிருந்து காட்டுக்குள் திரும்ப வேண்டும். ஆகஸ்ட் 15 பெருவிழாவுக்கு வரும் குடும்பங்கள் அரிசி, சட்டி, பாய், தறப்பாள் எல்லாம் கட்டிக்கொண்டு முன்கூட்டியே வந்து மரத்தடியில் கூடாரம் போடுகின்றன. சிலாபம், நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பமும் யாழ்ப்பாணக் குடும்பமும் அடுத்தடுத்த அடுப்பில் சோறு வடிக்கின்றன. பூசை இரு மொழியிலும் நடக்கிறது. ஊர் திரும்பும்போது மடு மண்ணில் ஒரு பிடி முடிந்துகொள்வார்கள். பாம்புக்கடிக்கு அது காவல் என்பது அங்கே சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான நம்பிக்கை. புத்தளம் பக்கத்துத் தலவில அன்னம்மாளிடமும் கடலோரத்தில் இப்படித்தான் கூடாரமடித்துத் தங்குகிறார்கள்.

மடுவில் தங்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 வாக்கில், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஒளிந்த காடு அது. 1990இல் போருக்குத் தப்பிய ஆயிரக்கணக்கானோருக்கும் அந்த வளாகமே வீடானது. 1999இல் அங்கேயே ஷெல் விழுந்து அடைக்கலம் தேடியவர்கள் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், மாதாவே அகதியானாள். இத்தனையும் பட்ட இடத்தில் கூடாரம் போட்டுப் படுப்பதே ஒரு வேண்டுதல்தான். நம் கரையில் நிலைமை வேறு. மணப்பாடும் தூத்துக்குடிப் பனிமய மாதாவும் முத்துக்குளித்த பரதவர் ஊர்களுக்கு நடுவே எழுந்த கோவில்கள். சுற்றிலும் வீடு, சந்தை, பஸ் ஸ்டாண்ட். வெளியூர்க்காரர் விருந்தாளியாக வந்து போகலாம்; காடு தேட வேண்டியதில்லை.

அதற்காகத் தங்குவது நமக்குப் பழக்கமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. புளியம்பட்டி அந்தோணியார் கோவிலில் மனநோய் கண்ட பிள்ளையையோ கணவனையோ கூட்டிக்கொண்டு வந்து நாட்கணக்கில் கிடக்கும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மடுவில் விழா நடக்கும் அதே ஆகஸ்ட் 15இல் காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதாவின் தேருக்குப் பின்னால் வெறும் தரையில் உருண்டு வருகிறார்கள். நோயும் நேர்த்தியும் இருப்பவர் தங்குகிறார். வேன் எடுத்துப் போகும் நம்மைப் போன்றவர்கள்தான் தங்குவதை விட்டுவிட்டோம். மாட்டுவண்டி கட்டிப் போன தலைமுறைக்கு ஒரே நாளில் திரும்ப வழியில்லை. சாலை நல்லபடியாக வந்ததும் அந்த ராத்திரி போய்விட்டது. அதை இழப்பு என்றே நினைக்கிறேன்.

கச்சத்தீவில் மட்டும் அந்த ராத்திரி இன்னும் நமக்கு மிஞ்சியிருக்கிறது. அந்தோணியார் விழாவுக்கு ராமேஸ்வரம் படகும் யாழ்ப்பாணப் படகும் வருகின்றன. முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்தபின்தான் திரும்பும் படகு. குடியிருப்பே இல்லாத தீவில் இரு கரைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிறார்கள், பேசுகிறார்கள், பழைய உறவை விசாரிக்கிறார்கள்.

மணப்பாட்டின் பெருவிழா செப்டம்பர் 14. வேன் பேசும்போது 13ஆம் தேதி சாயங்காலத்துக்குப் பேசுங்கள். பாயும் கட்டுச்சோறும் எடுத்துக்கொள்ளுங்கள். உவரியை இன்னொரு வாரம் பார்த்துக்கொள்ளலாம்.