விளையாட்டிசையும் வீட்டுக் கலைஞரும்: மீளிசைப்பின் சமூக அடிப்படை பற்றிய ஒரு நோக்கு

1

வீடியோ விளையாட்டுகளின் இசையைத் தத்தம் வீடுகளில், தமக்குக் கைவந்த கருவிகளில் மீள வாசித்துப் பதிவுசெய்து பிறரோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கம், யப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்துள்ளது. ஒருவர் ஆக்கிய இசையைப் பிறிதொருவர் தம் வழியில் நிகழ்த்திப் பதிவுசெய்வதை 'கவர்' என வழங்குவர். இக்கட்டுரையில் அதனை மீளிசைப்பு என்னும் சொல்லாற் குறிப்போம்.

இவ்வழக்கம் குறித்து இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. முதலாவது, இதனைச் சிறுபிள்ளை விளையாட்டின் எச்சமென ஒதுக்குவது. இரண்டாவது, நுகர்வோர் படைப்பாளராகிவிட்டனர், கலை மக்கள்மயமாகிவிட்டது என ஆரவாரித்து வரவேற்பது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினும் இவ்விரண்டுக்கும் பொதுவான ஒரு குறைபாடு உண்டு. இவ்விசையில் யாருடைய உழைப்பு உறைந்துள்ளது, அது யாருடைய உடைமையாக உள்ளது என்னும் வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை. அவ்வினாக்களை எழுப்பி நோக்குமிடத்து, மீளிசைப்பு மறைக்கப்பட்ட உழைப்பொன்றை வெளிக்கொணரும் செயலாகவும், அதேவேளை உடைமை உறவுகளை மாற்றவியலாத செயலாகவும் தோன்றுகின்றது. இவ்விரட்டைத் தன்மையை விளக்குவதே எமது நோக்கமாகும்.

2

கலை வடிவங்கள் அவற்றை ஈன்ற உற்பத்திச் சாதனங்களால் வரையறுக்கப்படுகின்றன என்பதற்கு விளையாட்டிசையைப் போன்று தெளிவான சான்று காண்பது அரிது. 1978இல் யப்பானின் டைட்டோ கம்பனி வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் ஒலிப்பவை நான்கே நான்கு தாழ்சுரங்கள். படையெடுப்போரின் தொகை குறையக் குறைய அச்சுரங்களின் வேகம் கூடும். இயந்திரத்தின் கதிக்கு ஏற்ப மனிதக் கைகளை விரைவுபடுத்தும் ஆலையின் தர்க்கம் இங்கு இசை வடிவம் பெற்றிருப்பதை எவரும் உணரலாம்.

1983இல் யப்பானில் வெளிவந்த நின்டென்டோவின் 'ஃபமிகொம்' கருவியின் ஒலிச் சில்லில் ஐந்து தடங்கள் மட்டுமே இருந்தன. அவற்றுள் இரண்டு துடிப்பலைக்கும், ஒன்று முக்கோண அலைக்கும், ஒன்று இரைச்சலுக்கும், ஒன்று பதிவுசெய்த சிற்றொலித் துணுக்குகளுக்கும் உரியவை. முக்கோண அலைத் தடத்தின் உரப்பைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. பாத்திரம் துள்ளும்போதோ நாணயம் எடுக்கும்போதோ எழும் ஒலிக்குறிப்பு ஒரு தடத்தைப் பறித்துக்கொள்ள, அக்கணத்தில் இசையின் ஓர் இழை அறுபடும். 1985இல் வெளிவந்த 'சுப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டு முழுவதும், அதாவது படம், விதிகள், இசை யாவும், 40 கிலோபைற்றுக்குள் அடக்கப்பட்டது. இந்நெருக்கடிக்குள்ளேதான் கொண்டோ கோஜி அதன் இசையை ஆக்கினார். 2023இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தனது தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அவ்விசையைச் சேர்த்துக்கொண்டது. அப்பதிவேட்டில் இடம்பெற்ற முதலாவது விளையாட்டிசை அதுவேயாகும்.

இவ்விசையின் மற்றுமொரு பண்பு மனங்கொள்ளத்தக்கது. இதில் பெரும்பகுதி முடிவற்றது. விளையாடுபவர் எவ்வளவு நேரம் அக்களத்தில் நிற்பார் என்பதை ஆக்குபவர் அறியார். ஆகவே இறுதி அடி தொடக்க அடிக்கே திரும்பும் வண்ணம் வட்டமாக இயற்றப்படுகின்றது. கேட்போரின் கவனத்தைக் கோராது, அவர்களின் கைகள் இயங்கும்வரை இயங்குவதே அதற்கு இடப்பட்ட பணியாகும்.

3

வீட்டிலிருந்து மீளிசைப்போர் செய்வது யாது? முதலில், எழுதப்பட்ட சுரக்குறிப்பு பெரும்பாலும் கிட்டாமையால், காதாற் கேட்டே இசையைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. தடங்களைத் தனித்தனியே ஒலிக்கச்செய்து, ஒவ்வொன்றின் போக்கையும் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் துடிப்பலைத் தடங்களைக் கிற்றாருக்கோ வயலினுக்கோ பியானோவுக்கோ, முக்கோண அலையைத் தாழ்சுரக் கிற்றாருக்கு, இரைச்சலைத் தோற்கருவிகளுக்கு எனப் பகிர்கின்றனர். பெரும்பாலும் ஒருவரே எல்லாக் கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து, முன்னர் பதிந்ததைக் கேட்டவாறே அடுத்ததைப் பதிகின்றார். பெரும் ஒலிப்பதிவு நிலையங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இப்பல்தடப் பதிவுமுறையை, 1979இல் வந்த 'போர்ட்டாஸ்டூடியோ' என்னும் நால்தடக் கசற் கருவி வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2000இல் வெளிவந்த 'ஓடாசிட்டி' போன்ற இலவச மென்பொருள்கள் அதனைக் கணினியுள்ள எவர்க்கும் உரியதாக்கின. இத்தகைய மீளிசைப்புகளை இலவசமாக வழங்கும் 'ஓவர்குளொக்ட் ரீமிக்ஸ்' என்னும் இணையத்தளம் 1999இல் தொடங்கப்பட்டது. உற்பத்திச் சாதனம் மலிவடைந்து பரவியமையே இவ்வழக்கத்தின் பொருளியல் அடிப்படை என்பது இதனாற் பெறப்படும்.

வெகுசன இசையால் செவி பின்னடைவுறுகின்றது எனவும், கேட்போர் முழுமையை விடுத்துத் துண்டுகளைப் பற்றிக்கொள்கின்றனர் எனவும் 1938இல் தியடோர் அடோர்னோ வாதிட்டார். அக்கருத்தில் உண்மையுண்டு. ஆயின், ஐந்து தடங்களையும் பிரித்தறிந்து அவற்றின் உறவை விளங்கிக்கொள்ளாது எவரும் மீளிசைப்பைத் தொடங்கவே முடியாது. பின்னணியில் தேய்ந்துபோகும்படி ஆக்கப்பட்ட ஓர் இசை, இங்கு ஊன்றிக் கேட்கப்படும் பொருளாகின்றது. செவியின் பின்னடைவு நிரந்தர விதியன்று என்பதை இச்சிறு செயல் உணர்த்துகின்றது.

எனினும், உழைப்பு உண்டு என்பதனாலேயே கலைப்பெறுமானம் உண்டெனக் கூறிவிட முடியாது. மீளிசைப்புகளை மதிப்பிடுவதற்கு விளையாட்டிசையின் வடிவமே எமக்கு அளவுகோல் தருகின்றது. முடிவற்ற வட்டத்துக்கு இவர் எவ்வாறு முடிவு காண்கின்றார்? உரப்பு மாறாத தாழ்சுரத்தைக் கையால் மீட்டும்போது எங்கே அழுத்துகின்றார், எங்கே தளர்த்துகின்றார்? ஒரே தடத்தில் சுரங்களை விரைந்து அடுக்கிக் காட்டிய இசைவை விரித்து ஒலிக்கச்செய்யும்போது எதனைச் சேர்க்கின்றார்? இவ்வினாக்களுக்கு விடைதரும் மீளிசைப்பு, இயந்திரத்தின் கட்டாயத்தால் அமைந்தவற்றை மனிதத் தெரிவுகளாக மாற்றுகின்றது. விடைதராதவை மூலத்தை உரத்த ஒலியில் திரும்பக் கூறுவதோடு அமைகின்றன. புகழ்பெற்ற சில விளையாட்டுகளின் சில மெட்டுகளே ஆயிரந்தடவை மீளிசைக்கப்படுவதும், மூலத்தைச் சிறிதும் பிசகாது பின்பற்றுவதே சிறப்பெனக் கொள்ளப்படுவதும் இதனாலேயே. இளமை நினைவின் ஏக்கம் இங்கு கம்பனியின் வணிகச் சின்னத்துக்குக் கட்டணமின்றி விளம்பரம் செய்துவிடுகின்றது.

4

மீளிசைப்பின் பெறுமதியான பயன் பிறிதொன்று என நாம் கருதுகின்றோம். அது பெயர்களைப் பற்றியது.

1980களில் யப்பானிய விளையாட்டுக் கம்பனிகள் பலவற்றில் இசையாக்கியோர் மாதச் சம்பளம் பெறும் ஊழியர்கள். அவர்கள் தம் சொந்தப் பெயரால் அறிமுகமாவது அருகியே நிகழ்ந்தது. கப்கொம் கம்பனி 1987இல் வெளியிட்ட 'மெகாமான்' விளையாட்டின் இசையை ஆக்கியவர் மட்சுமாயே மனாமி என்னும் பெண்மணி. அடுத்த ஆண்டில் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்தின் இசையிற் பெரும்பகுதியை ஆக்கியவர் டட்டெய்ஷி டக்காஷி. விளையாட்டின் இறுதியில் ஓடும் பெயர்வரிசையிலோ இவர்கள் வேடிக்கையான புனைபெயர்களின் பின்னே மறைந்திருந்தனர். திறமையுள்ள ஊழியர்களைப் போட்டிக் கம்பனிகள் கவர்ந்துசெல்லாது தடுக்கும் உபாயமாகவே அக்காலத்தில் இப்புனைபெயர் முறை கையாளப்பட்டது. படைப்பாளரின் பெயரை அழிப்பது இங்கு கூலி உழைப்பைக் கட்டுப்படுத்தும் வழியாக அமைந்தமை தெளிவு.

யப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதற்குச் சட்ட வடிவம் தருகின்றது. நிறுவனத்தின் முன்முயற்சியில், ஊழியர் தம் கடமையின் பாற்பட்டு ஆக்கி, நிறுவனத்தின் பெயரில் வெளியிடப்படும் படைப்புக்கு, வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, அந்நிறுவனமே ஆசிரியராகக் கொள்ளப்படும். ஐக்கிய அமெரிக்கச் சட்டமும் ஊழியர் தம் பணியின் வரம்புக்குள் ஆக்குவதற்கு முதலாளியையே ஆசிரியராகக் கருதுகின்றது. உழைப்பின் விளைவு உழைத்தவரிடமிருந்து அந்நியமாவது பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதிய கருத்தை இத்துணை வெளிப்படையாக எடுத்துரைக்கும் சட்டவாசகம் அரிது. இங்கு பறிபோவது படைப்பு மட்டுமன்று. அதனைப் படைத்தவர் என்னும் தகைமையும் ஆகும்.

இச்சூழலில், மீளிசைப்போர் தம் பதிவுகளின் கீழ் மூல ஆக்குநரின் பெயரைத் தேடி எழுதும் வழக்கம் சாதாரண மரியாதைக்கும் மேலான பொருள் பெறுகின்றது. கம்பனி மறைத்த பெயரைக் கேட்போர் மீட்டெடுக்கின்றனர். அமெரிக்காவில் 'விஜிமிக்ஸ்' என்னும் மீளிசைப்புத் தளத்தை நிறுவிய ஜேக் கௌஃப்மன், 2014இல் வெளிவந்த 'ஷவல் நைற்' விளையாட்டுக்கு இசையமைத்தார். அவ்விளையாட்டின் இசையில் இரு பகுதிகளை ஆக்கியவர் மட்சுமாயே மனாமி. மீளிசைப்பு மரபில் வளர்ந்தவரும், ஒருகாலத்தில் புனைபெயரால் மறைக்கப்பட்டவரும் ஒரே படைப்பில் தம் சொந்தப் பெயர்களோடு இணைந்தமை இம்மரபின் சிறந்த சாதனைகளுள் ஒன்று எனலாம்.

மறுபுறத்தில், 2024 ஒக்டோபரில் நின்டென்டோ தனது விளையாட்டிசைகளைச் சந்தாதாரர் கேட்பதற்கென வெளியிட்ட செயலியில், ஆக்கியோரின் பெயர்கள் இடம்பெறவில்லை. விளையாட்டின் பெயர் இருந்தது, காட்சிப் படம் இருந்தது, உழைத்தவர் பெயர் இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் தர்க்கம் மாறவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

5

பெயரை மீட்டல் வேறு, உடைமையை மீட்டல் வேறு. ஐக்கிய அமெரிக்காவில், உரியவரின் இசைவோடு ஏற்கெனவே ஒலிப்பதிவாக வெளிவந்த இசையை எவரும் சட்டம் விதித்த கட்டணம் செலுத்தி மீளிசைத்து விற்கலாம். 1909இல் ஏற்பட்ட இம்முறையில், குறுகிய இசைக்கான கட்டணம் 2006 முதல் 2022 வரை பிரதியொன்றுக்கு 9.1 சதமாக இருந்து, 2023இல் 12 சதமாயிற்று. ஆயின் மூல மெட்டையோ அதன் அடிப்படைத் தன்மையையோ மாற்றலாகாது என அதே சட்டம் நிபந்தனை விதிக்கின்றது. உடைமையாளரின் வெளிப்படையான இசைவின்றி, மீளிசைப்பவர் செய்த ஒழுங்கமைப்புக்குத் தனிப் பாதுகாப்பும் கிடையாது. மூன்றாம் பகுதியில் நாம் சிறந்ததெனக் குறிப்பிட்ட ஆக்கபூர்வமான மாற்றம் எதுவோ, அதுவே சட்டத்தின் ஐயத்துக்கு உள்ளாவதைக் காண்க. அன்றியும் இவ்வனுமதி ஒலிக்கு மட்டுமே உரியது. தாம் வாசிப்பதைப் படம்பிடித்து வெளியிடுவோர் வேறு அனுமதி பெறவேண்டும். 2007இல் யூடியூப் நிறுவிய தானியங்கி இனங்காணல் முறை, உரிமை கோருவோர் ஒரு பதிவைத் தடுக்கவோ அதன் விளம்பர வருவாயைத் தமதாக்கவோ வழிசெய்கின்றது.

வானொலி ஒருவழிப் பாதையாக இருத்தலாகாது, கேட்பவரும் பேசுதல் வேண்டும் என 1932இல் பேட்டோல்ற் பிரெக்ற் கோரினார். இன்று கேட்பவர் பேசுகின்றார், வாசிக்கின்றார், ஒலிபரப்புகின்றார். ஆனால் ஒலிபரப்புச் சாதனம் அவருடையதாகவில்லை. ஒலிப்பதிவுக் கருவி பரவியது. விநியோகக் கருவி குவிந்தது. இதுவே இவ்வழக்கத்தின் அடிப்படை முரண்பாடாகும்.

6

இம்முரண்பாட்டின் வரலாற்றை ஒரே மெட்டில் காணலாம். ஊரூராகச் சென்று துணி விற்ற சிறு வணிகரைப் பற்றி நிக்கொலாய் நெக்கிராசொவ் எழுதிய 'கொரோபெய்னிக்கி' என்னும் நெடுங்கவிதை 1861இல், ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட அதே ஆண்டில், வெளியாயிற்று. அதன் பகுதியொன்று நாட்டார் பாடலாக மக்கள் வாயில் வழங்கியது. 1984இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பாஜித்னொவ் 'டெட்ரிஸ்' விளையாட்டை ஆக்கினார். அதன் சர்வதேச விற்பனையுரிமை சோவியத் அரச நிறுவனமொன்றின் கையில் இருந்தது. 1996 வரை ஆக்கியவருக்கு உரிமப் பங்கு கிட்டவில்லை. 1989இல் நின்டென்டோவின் 'கேம் போய்' கருவிக்கு வெளியான டெட்ரிஸில் அந்நாட்டார் மெட்டை டனக்கா ஹிரோக்காசு நான்கு தடங்களுக்கு அமைத்தார். அவ்விளையாட்டு ஏறத்தாழ 3 கோடி 50 இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. 1992இல் அன்ட்ரூ லொயிட் வெபர் பங்குகொண்ட வணிக மீளிசைப்பு, பிரித்தானிய விற்பனை வரிசையில் 6ஆம் இடத்தை எட்டியது. இன்று அதே மெட்டை வீடுகளில் அக்கோடியனிலும் கிற்றாரிலும் வாசித்துப் பதிவோர் எண்ணற்றோர்.

உடைமையாளர் எவருமின்றி வழங்கிய பாடல் பண்டமாயிற்று. பண்டம் மீண்டும் மக்கள் கைகளுக்கு வந்தது. ஆனால் வட்டம் முழுமையுறவில்லை. நாட்டார் பாடலை ஒருவர் மாற்றிப் பாடும்போது அம்மாற்றம் பொதுச் சொத்தோடு சேரும். கம்பனிக்கு உரிய மெட்டை மாற்றி வாசிக்கும் வீட்டுக் கலைஞரின் ஆக்கமோ, உடைமையாளர் பொறுத்துக்கொள்ளும்வரை மட்டுமே நிலைக்கும். மெட்டைப் பேணும் மனிதர்கள் பெருகியிருக்க, மெட்டின் மீதான உரிமை அவர்களிடமிருந்து விலகியே நிற்கின்றது.

ஆகவே முற்போக்கு விமரிசனம் இவ்வழக்கத்தைப் புறக்கணிப்பதும் தவறு, விடுதலை வந்துவிட்டதெனப் பறைசாற்றுவதும் தவறு. சம்பளத்துக்கு இசை ஆக்கிய ஊழியரும், சம்பளமின்றி அதனை மீளிசைக்கும் கலைஞரும் ஒரே உடைமை உறவின் இரு பக்கங்களில் நிற்கின்றனர். ஆக்கியோர் பெயர் கட்டாயமாகக் குறிக்கப்படல் வேண்டும், வருவாயில் அவர்களுக்குப் பங்கு வேண்டும், விற்பனை நோக்கமற்ற மீளிசைப்புக்குச் சட்டக் காப்பு வேண்டும் என்னும் கோரிக்கைகள் இருசாராருக்கும் பொதுவானவை. மறைக்கப்பட்ட பெயரைத் தேடிக் கண்டெழுதியதன் மூலம் வீட்டுக் கலைஞர் அவ்வொற்றுமையின் முதற்படியை, தாம் அறிந்தோ அறியாமலோ, எடுத்து வைத்துள்ளனர். அப்படி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இசை தனித்துத் தீர்மானிக்க இயலாது. இசையை ஆக்குவோரும் மீளிசைப்போரும் தம்மை ஒரே உழைப்பின் பங்காளராக உணர்ந்து அணிசேர்வதிலேயே அது தங்கியுள்ளது.