பொன்ஹோபரின் சிறைக் கடிதங்களில் அமைதியும் ஜெபமும்

கிறிஸ்தவப் பக்தி எழுத்துக்களை அணுகுவோர் நம்மிடையே பெரும்பாலும் இரு சாராராய்ப் பிரிந்து நிற்பர். விசுவாசிகளுக்கு அவை ஆறுதல் நூல்கள். திறனாய்வாளர் சிலருக்கோ ஜெபம் என்பது சமூக யதார்த்தத்தினின்றும் தப்பியோடும் வழி. இவ்விரு சாராரையும் ஒருங்கே சங்கடத்துக்குள்ளாக்கும் நூலொன்று உண்டு. ஜேர்மனிய லூதரன் இறையியலாளரான டீற்றிச் பொன்ஹோபர் (1906-1945) சிறையிலிருந்து எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் அவருடைய நண்பர் எபர்ஹார்ட் பெத்கேயினாற் பதிப்பிக்கப்பட்டு 1951இல் வெளிவந்தன. மூலநூலின் தலைப்பை ‘எதிர்ப்பும் பணிவும்’ எனத் தமிழிற் கூறலாம்.

ஹிட்லர் ஆட்சிக்கெதிரான சதியிலே தொடர்புகொண்டிருந்த இவர், 1943 ஏப்ரல் 5ஆந் திகதி கைதாகி, பேர்லினின் தேகல் இராணுவச் சிறையில் ஒன்றரை ஆண்டு வைக்கப்பட்டார். வழக்கு எப்பொழுது விசாரணைக்கு வரும் என்பதே நிச்சயமற்றிருந்த காலம் அது. இக்காலக் கடிதங்களில் மேலோங்கி நிற்கும் அமைதியே வாசகரை முதலிற் கவர்கின்றது. ஆயின் அவ்வமைதியை அப்படியே ஏற்றுக்கொள்வது விமரிசனமாகாது. பெற்றோருக்கு எழுதியவை தணிக்கையாளரின் கண்ணுக்குட்பட்டவை. அன்னையின் துயரைத் தணிக்கும் நோக்கமும் அவற்றுக்கு உண்டு. 1943 நவம்பரிலிருந்து காவலரின் உதவியோடு பெத்கேக்கு இரகசியமாக அனுப்பப்பட்டவற்றிலோ குரல் வேறு. பழைய துறவியர் ‘அசீடியா’ எனப் பெயரிட்ட உளச்சோர்வு தம்மைப் பலமுறை பீடித்தமையை அங்கே ஒளிக்காது கூறுகிறார். 1944இல் எழுதிய ‘நான் யார்?’ என்னுங் கவிதையில் இம்முரண்பாடே பொருளாகின்றது. பிறர் காணும் நிதானமான மனிதனும் தாம் மட்டும் அறிந்த கலங்கிய மனிதனும் அங்கு எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர். எவன் மெய்யானவன் என அவர் தீர்ப்புக் கூறாது, வினாவையே இறைவனிடம் ஒப்படைக்கின்றார். அமைதி என்பது அடைந்துவிட்ட நிலையன்று, நாடோறும் முயன்று பெறவேண்டியது என்பதை இக்கவிதை உணர்த்துமளவுக்கு அவருடைய இறையியல் விளக்கங்கள் உணர்த்துவதில்லை என்பது என் கருத்து.

1943 நத்தாரையொட்டிச் சகசிறையாளருக்கென அவர் இயற்றிய ஜெபங்கள் தனியே நோக்கத்தக்கவை. காலை ஜெபம் விடுதலையை வெளிப்படையாகவே வேண்டுகின்றது. அதே மூச்சில், இறைவன் முன்னும் மனிதர் முன்னும் பொறுப்புக்கூறத்தக்கவாறு இப்பொழுதே வாழ வலுவையும் வேண்டுகின்றது. விடுதலை பின்னர் வரலாம், வாராதும் போகலாம். பொறுப்புக்கூறலோ அதற்காகக் காத்திராது. ஜெபம் செயலின்மைக்கு மறுபெயர் என்பார் விடைகூற வேண்டிய இடம் இது.

விசுவாசிகள் விடைகூற வேண்டிய இடமும் உண்டு. தேகற் சிறைக்கு அருகே போர்சிக் இயந்திரத் தொழிற்சாலை இருந்தமையால் குண்டுவீச்சு அங்கு கடுமையாக இருந்தது. 1944 ஜனவரியில் அத்தகையதொரு வேளை, வழக்கத்தில் விளையாட்டுப் போக்கினனான ஒருவன் தரையிற் கிடந்து கடவுளே கடவுளே என்று அரற்றினான். போதகரான பொன்ஹோபர் அவனுக்கு வேதவசனம் எதுவும் கூறவில்லை. இன்னும் பத்து நிமிடத்துக்குமேல் இது நீடியாது என்று மட்டுஞ் சொன்னார். மனிதனின் பலவீனத்தைப் பயன்படுத்தி அவனைச் சமயத்துக்குள் இழுப்பது நேர்மையற்றது என்பது அவர் நிலைப்பாடு. நேர்மை ஒப்புக்கொள்ளத்தக்கதே. எனினும் அரற்றுகின்றவனுக்கு அது போதுமானதா? உயர்குடும்பத்தினரின் இயல்பான ஒதுக்கமும் இதில் ஒரு கூறு எனவே தோன்றுகின்றது. தந்தையார் பேர்லின் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர். தாய்வழி உறவினரொருவர் நகரின் இராணுவத் தளபதி. நூல்களும் வீட்டுப் பொதிகளும் அவரது அறைக்கு வந்துகொண்டிருந்தன. அவ்வமைதிக்கு ஒரு வர்க்க அடித்தளமும் இருந்ததென்பதை அவரைப் போற்றுவோர் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆயினும் அவ்வடித்தளம் பறிபோன பின்பும் எழுத்து முற்றாக நிற்கவில்லை. 1944 ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அக்டோபர் 8ஆந் திகதி அவர் கெஸ்டாப்போவின் நிலவறைச் சிறைக்கு மாற்றப்பட்டார். அதன்பின் நமக்குக் கிடைக்குங் கடிதங்கள் மிகச் சில. டிசம்பரில், மணம்பேசியிருந்த மரியா பொன் வெடமையருக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு கவிதையையும் அனுப்பினார். அதில் நல்லாற்றல்களின் காவல் பேசப்படுகின்றது. கசப்பு நிறைந்த பாத்திரமும் பேசப்படுகின்றது. இன்று ஜேர்மனியத் தேவாலயங்களிற் புத்தாண்டு வேளைகளில் அது இசையோடு பாடப்படுகின்றது. அதை எழுதியவர் 1945 ஏப்ரல் 9ஆந் திகதி புளொசன்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.