மூளைக்காய்ச்சலைக் கண்டறிய மரபணுச் சோதனை மட்டும் போதுமா?

மூளைக்காய்ச்சலுக்கான வழக்கமான சோதனைகளில் பெரும்பாலானவை மருத்துவரின் சந்தேகத்திலிருந்தே தொடங்குகின்றன. எந்தக் கிருமி என்று ஊகித்தால்தான் அதற்குரிய பிசிஆரையோ ஆன்டிபாடி சோதனையையோ கேட்க முடியும். கல்ச்சரும் ஆய்வகத்தில் வளரக்கூடிய கிருமியை மட்டுமே காட்டும். மெட்டாஜெனோமிக் வரிசைப்படுத்தலுக்கு அந்த ஊகம் தேவையில்லை. முதுகுத்தண்டு நீரிலுள்ள மரபணுத் துணுக்குகளையெல்லாம் படித்து, அறியப்பட்ட கிருமிகளோடு ஒப்பிட்டுவிடுகிறது.

இதன் வலிமையை 2014இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை காட்டியது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய 14 வயதுச் சிறுவன் மாதக்கணக்கில் மூளை அழற்சியால் அவதிப்பட்டான். மூளைத் திசுவை எடுத்துச் சோதித்தும் காரணம் பிடிபடவில்லை. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, மாதிரி கைக்கு வந்த 48 மணி நேரத்தில் விடை கண்டது. 30 லட்சத்துக்கும் அதிகமான துணுக்குகளில் வெறும் 475, எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவுடையவை. அந்நோய்க்கான வழக்கமான சோதனைகளில் அது சிக்கவில்லை. பென்சிலின் கொடுத்தார்கள், சிறுவன் தேறினான்.

ஆனால், ஒருவர் பிழைத்ததை வைத்து ஒரு சோதனை முறையை எடைபோட முடியாது. 2019இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் 8 மருத்துவமனைகளைச் சேர்ந்த 204 நோயாளிகள் இடம்பெற்றனர். கண்டறியப்பட்ட 58 தொற்றுகளில் 13ஐ வரிசைப்படுத்தல் மட்டுமே பிடித்தது. அதே வரிசைப்படுத்தல் 26ஐத் தவறவிட்டது. அவற்றில் 11 ஆன்டிபாடி சோதனையால் மட்டுமே தெரியவந்தவை. வெஸ்ட் நைல் போன்ற வைரஸ்கள், அறிகுறிகள் முற்றும்போது முதுகுத்தண்டு நீரிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடும், ஆன்டிபாடி தங்கியிருக்கும். இல்லாத மரபணுவை எந்த இயந்திரமும் படிக்க முடியாது.

வேறு குறைகளும் உண்டு. மாதிரியில் மனித மரபணுவே மிகுந்திருப்பதால் கிருமியின் சுவடு அமுங்கிவிடலாம். ஆய்வக வேதிப்பொருட்களிலிருந்து கலக்கும் பாக்டீரியா மரபணு, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதைக் கல்ச்சர் அளவுக்கு உறுதியாக இது சொல்வதில்லை. செலவும் அதிகம்.

ஆகவே, வழக்கமான சோதனைகளைக் கைவிடுவது ஆபத்து. அவை தோற்று நோயாளி மோசமான பிறகும் வரிசைப்படுத்தலை நாடாதிருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. காரணம் தெரியாத மூளை அழற்சியில் இதைக் கடைசிப் புகலிடமாக வைக்காமல், முதல் சோதனைகள் கைவிரித்த உடனேயே கேட்க வேண்டும். முடிவு 'எதுவுமில்லை' என்று வந்தாலும் தேடலை நிறுத்தக் கூடாது.